வெறும் சுளுக்குதானே! - வான் பாஸ்டனை 28 வயதில் உட்கார வைத்த கணுக்கால்

1995 ஆகஸ்ட் 18. இத்தாலியின் மிலன் நகரிலுள்ள சான் சீரோ ஸ்டேடியம். ஏ.சி.மிலனுக்கும் யுவென்டஸுக்கும் மேட்ச். ஆட்டம் தொடங்கும் முன்பு, ஜீன்ஸும் இளஞ்சிவப்புச் சட்டையும் பழுப்பு ஜாக்கெட்டும் அணிந்த உயரமான மனிதர் ஒருவர் மைதானத்துக்குள் வந்தார். கேலரியைப் பார்த்துக் கைதட்டியபடியே மெதுவாக ஓடினார். மொத்த ஸ்டேடியமும் எழுந்து நின்று அவர் பெயரைக் கத்தியது. மிலன் பயிற்சியாளர் ஃபேபியோ கேப்பெல்லோவின் கண்கள் கலங்கிவிட்டன. இத்தனைக்கும் கேப்பெல்லோ கறாரான ஆள் என்று பெயரெடுத்தவர்.

வந்தவர் மார்கோ வான் பாஸ்டன். ஓய்வு பெறுவதாக முந்தைய நாள்தான் அறிவித்திருந்தார். வயது 30. ஆனால், கடைசியாக அவர் மேட்ச் ஆடி இரண்டு வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. அதாவது, 28 வயதிலேயே அவர் கால்பந்து வாழ்க்கை முடிந்துவிட்டது. ஒரு ஸ்டிரைக்கர் உச்சத்தில் இருக்க வேண்டிய வயது அது. முட்டி உடையவில்லை, முதுகு ஒடியவில்லை. கணுக்கால்தான் காரணம்.

கணுக்கால் பிசகாத மனிதர் உண்டா? மாடிப்படியில் கால் மடங்கும், பேருந்திலிருந்து இறங்கும்போது மடங்கும். `வெறும் சுளுக்குதான், நாலு நாளில் சரியாகிவிடும்’ என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். கோடிகளில் சம்பளம் வாங்கும் கால்பந்து வீரர்களிடமும் பெரும்பாலும் இதே வார்த்தைதான் சொல்லப்படுகிறது. சொல்பவர் சில நேரம் பயிற்சியாளர், பல நேரம் அந்த வீரரே!

க்ரைஃப் போட்ட ஒப்பந்தம்

வான் பாஸ்டன் 1964-ல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் பிறந்தவர். 1982-ல் அயாக்ஸ் அணியில் முதல் ஆட்டம். மாற்று வீரராகத்தான் இறங்கினார். யாருக்குப் பதிலாகத் தெரியுமா? யோஹன் க்ரைஃபுக்குப் பதிலாக. நெதர்லாந்து பெற்ற மிகப்பெரிய வீரரின் இடத்தில் இறங்கிய 17 வயதுப் பையன், அன்றே கோலும் அடித்தான். 1985-86 சீசனில் டச்சு லீகில் 26 மேட்ச்களில் 37 கோல்கள். அயாக்ஸுக்காக லீகில் மொத்தம் 133 ஆட்டங்கள், 128 கோல்கள்.

1986 டிசம்பரில் க்ரோனிங்கன் அணியுடன் ஓர் ஆட்டம். எதிரணி வீரரிடமிருந்து பந்தைப் பறிக்க வான் பாஸ்டனே பாய்ந்து டேக்கிள் செய்தார். அதில் மாட்டிக்கொண்டது அவருடைய கணுக்கால்தான். வலித்தது. சில வாரங்கள் கழித்தும் வலித்தது.

அப்போது அயாக்ஸின் பயிற்சியாளர் அதே க்ரைஃப். அன்று நடந்ததை வான் பாஸ்டன் 2019-ல் வெளியான தன் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். வலி இருக்கும், ஆனால் ஆடுவதால் அது இன்னும் மோசமாகாது என்று டாக்டர் சொல்கிறார் என்றார் க்ரைஃப். இருவருக்குமிடையே ஓர் ஏற்பாடு. லீக் மேட்ச்கள் சிலவற்றை விட்டுவிடலாம், பயிற்சியைக் குறைத்துக்கொள்ளலாம். ஐரோப்பியக் கோப்பைக்கான ஆட்டங்களில் மட்டும் கட்டாயம் இறங்க வேண்டும்.

க்ரைஃபை வில்லனாக்கிவிடுவது எளிது. ஆனால், சிறுவயது முதல் யாரைப் பார்த்து வளர்ந்தாரோ, அவரே வந்து `நீ ஆட வேண்டும்’ என்று சொன்னால் 22 வயது இளைஞர் என்ன சொல்வார்? ஆடினார். 1987 மே மாதம் ஏதென்ஸில் நடந்த கப் வின்னர்ஸ் கோப்பை ஃபைனலில் லோக்கோமோட்டிவ் லைப்ஸிக்கை அயாக்ஸ் 1-0 என வென்றது. அந்த ஒரே கோலை அடித்தவர் வான் பாஸ்டன். அணித் தலைவராகக் கோப்பையை வாங்கினார். அந்த நேரத்தில் யாரிடம் கேட்டிருந்தாலும் ஒப்பந்தம் சரியானதுதான் என்றே சொல்லியிருப்பார்கள்.

அதே வருடம் மிலனுக்குப் போனார். முதல் சீசனில் கணுக்கால் அறுவை சிகிச்சை. லீகில் வெறும் 11 மேட்ச்கள், 3 கோல்கள்.

என்னதான் இருக்கிறது கணுக்காலில்?

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள் உண்டு. அவற்றின் கீழ்முனைகள்தான் நாம் கணுக்காலின் இருபுறமும் தொட்டுப் பார்க்கும் மொட்டுகள். அந்த இரண்டுக்கும் நடுவே, கவ்விப் பிடித்தாற்போல ஒரு சின்ன எலும்பு உட்கார்ந்திருக்கிறது. உடம்பின் மொத்த எடையும் பாதத்துக்கு இறங்குவது அந்தச் சின்ன எலும்பின் வழியாகத்தான். அதோடு ஒரு தசைகூட நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. ரத்த ஓட்டமும் குறைவு. அதன் மேற்பரப்பின் பெரும்பகுதியைக் குருத்தெலும்புதான் மூடியிருக்கிறது.

இந்த எலும்புகளைக் கட்டி வைத்திருக்கும் நார்களே லிகமென்ட்டுகள். உள்பக்கம் இருப்பது அகலமானது, வலுவானது. வெளிப்பக்கம் மூன்று தனித்தனி நார்கள். அவற்றில் முன்னால் இருப்பதுதான் ரொம்ப பலவீனமானது. பாதம் உள்நோக்கி மடங்கும்போது முதலில் கிழிவதும் அதுதான். சுளுக்கு என்று நாம் சொல்வதெல்லாம் பெரும்பாலும் இந்த நார் இழுபட்டதோ, பாதி கிழிந்ததோ, முழுதாக அறுந்ததோதான். இழுபட்டிருந்தால் ஒன்றிரண்டு வாரங்களில் ஆடத் தொடங்கிவிடலாம். முழுதாக அறுந்தால் மாதக்கணக்கில் ஆகும்.

லிகமென்ட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதற்குள் இருக்கும் நரம்பு முனைகள், `பாதம் இப்போது இந்தக் கோணத்தில் இருக்கிறது’ என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். பந்தைப் பார்த்து ஓடும் வீரர் தன் பாதத்தைப் பார்ப்பதில்லை. பார்க்காமலே பாதம் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிகிறது. நார் கிழியும்போது இந்தத் தகவல் தொடர்பும் பழுதாகிறது. வீக்கம் வடிந்து, வலி போன பிறகும் அந்தத் தகவல் கொஞ்சம் தாமதமாகவே போகும். அதனால்தான் ஒருமுறை மடங்கிய கால் மறுபடி மறுபடி மடங்குகிறது. அடுத்த சுளுக்கு யாருக்கு வரும் என்று கணிக்க வேண்டுமானால், ஏற்கெனவே யாருக்கு வந்திருக்கிறது என்று பார்த்தாலே போதும்.

எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது குருத்தெலும்பு. அதற்கு ரத்தக்குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. எனவே அடிபட்டால் தானாக ஆறாது. ஆரம்பத்தில் வலிக்கவும் வலிக்காது. அது தேய்ந்து, அடியிலுள்ள எலும்பு வெளியே தெரியும்போதுதான் வலி ஆரம்பிக்கும். அப்போது மருத்துவர்களால் செய்ய முடிவது குறைவு. எலும்பு முறிந்தால் கூடிவிடும். குருத்தெலும்பு அப்படியல்ல.

1983 செப்டம்பர் 24 அன்று பார்சிலோனாவின் சொந்த மைதானத்தில் டியகோ மரடோனாவை அத்லெட்டிக் பில்பாவோவின் அந்தோனி கொய்கோச்சியா பின்னாலிருந்து வெட்டிச் சாய்த்தார். மரடோனாவின் இடது கணுக்கால் முறிந்தது, லிகமென்ட்டும் கிழிந்தது. அதன்பிறகு கொய்கோச்சியாவுக்கு `பில்பாவோ கசாப்புக்காரர்’ என்ற பட்டப்பெயரே நிலைத்துவிட்டது. பார்க்கப் பயங்கரமான காயம். ஆனால், 106 நாள்களில் மரடோனா மைதானத்துக்குத் திரும்பினார். 1986-ல் உலகக் கோப்பையையே வென்றார். எலும்பு முறிந்ததால் ஆடியே ஆக வேண்டும் என்று யாரும் அவரிடம் கேட்க முடியவில்லை. காலுக்கு ஓய்வு கிடைத்தது. வான் பாஸ்டனுக்கு வந்தது பார்க்கச் சின்னக் காயம். அதனால்தான் அவருக்கு ஓய்வு கிடைக்கவில்லை.

வலியோடு வந்த பொற்காலம்

1988 யூரோ கோப்பைக்கு வந்தபோது வான் பாஸ்டன் முழு உடல்தகுதியோடு இல்லை. சட்டை எண் 12. முதல் ஆட்டத்தில் பெஞ்ச்சில் உட்கார வைத்துவிட்டார்கள். சோவியத் யூனியனிடம் நெதர்லாந்து தோற்றது. அடுத்து இங்கிலாந்துடன் களமிறக்கினார்கள், மூன்று கோல்கள். அரையிறுதியில் மேற்கு ஜெர்மனிக்கு எதிராகக் கடைசி நிமிடங்களில் வெற்றி கோல். ம்யூனிக் ஒலிம்பிக் ஸ்டேடியத்தில் நடந்த ஃபைனலில் மறுபடி சோவியத் யூனியன். இடப்பக்கத்திலிருந்து அர்னால்ட் ம்யூரன் தூக்கி அடித்த பந்து உயரமாக வந்து வலது ஓரத்தில் இறங்கியது. கோல் போஸ்ட்டே சரியாகத் தெரியாத கோணம். பந்து தரையைத் தொடும் முன்பே வான் பாஸ்டன் அடித்தார். உலகின் தலைசிறந்த கோல்கீப்பர்களில் ஒருவரான தசாயெவ் கையை உயர்த்தத்தான் முடிந்தது. யூரோ வரலாற்றின் மிகச்சிறந்த கோல் எது என்ற பேச்சு வந்தால் இன்றும் முதலில் சொல்லப்படுவது இதுதான்.

1988, 1989, 1992 என மூன்று முறை ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான பாலோன் டி’ஓர் விருது. 1989-லும் 1990-லும் மிலனுடன் ஐரோப்பியக் கோப்பை. 1992 நவம்பரில் ஸ்வீடனின் ஐ.எஃப்.கே. யேட்டபோரி அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நான்கு கோல்கள். கணுக்கால் காயம் ஆட்டத்தைக் கெடுக்கும் என்ற கருத்துக்கே இது எதிர்வாதம் போலத் தோன்றும்.

அப்படியல்ல. காயம்பட்ட வீரர் உடனே மோசமாக ஆடத் தொடங்குவதில்லை. ஆடும் முறையை மாற்றிக்கொள்கிறார். பந்தை அடிக்கும் காலைவிட ஊன்றி நிற்கும் காலுக்குத்தான் சுமை அதிகம். அது வலித்தால் கொஞ்சம் சீக்கிரமே அடித்துவிடுவார். ஹெட்டருக்கு எம்பிக் குதித்தால் இறங்கும்போது அடுத்தவர் காலில் மிதித்துவிடும் ஆபத்து உண்டு, எனவே குதிப்பதைக் குறைப்பார். இருவர் மோதிப் பறிக்க வேண்டிய பந்தை விட்டுவிடுவார். சட்டென்று திரும்புவதற்குப் பதில் அரை வட்டமடித்துத் திரும்புவார். வலிக்கும் காலைப் பாதுகாக்க அடுத்த காலில் பாரத்தைப் போட, கொஞ்ச நாளில் அந்த முழங்காலோ இடுப்போ முனகத் தொடங்கும். கோல் கணக்கில் இதெல்லாம் தெரியாது. புத்திசாலி வீரர் என்றால் ரொம்ப காலம் தெரியாது. வான் பாஸ்டனோ மகா புத்திசாலி.

வருடக்கணக்கில் பந்தை உதைப்பதே கணுக்காலை மாற்றிவிடும் என்பது வேறு விஷயம். மூட்டின் முன்பக்கத்தில் எலும்பு சின்ன முள்போல வளர்ந்து, பாதத்தை மேல்நோக்கி மடக்கும்போதெல்லாம் இடிக்கும். இதற்கு `ஃபுட்பாலர்ஸ் ஆங்கிள்’ என்றே மருத்துவத்தில் பெயர். கால்பந்து ஊரான லிவர்பூலின் எலும்பு சிகிச்சை நிபுணர் மெக்மரேயின் 1950-ம் ஆண்டுக் கட்டுரையின் தலைப்பும் அதுதான்.

யேட்டபோரிக்கு எதிராக அடித்த நான்கு கோல்களுக்கு அடுத்த மாதம், 1992 டிசம்பரில், வான் பாஸ்டனுக்கு மறுபடி அறுவை சிகிச்சை. வசந்தத்தில் திரும்பி வந்து, 1993 மே 26 அன்று சாம்பியன்ஸ் லீக் ஃபைனலில் மார்செய் அணிக்கு எதிராக இறங்கினார். மிலன் 0-1 எனத் தோற்றது. ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது அவரை வெளியே அழைத்துக்கொண்டார்கள். அதுதான் அவரது கடைசி ஆட்டம். இடம், அதே ம்யூனிக் ஒலிம்பிக் ஸ்டேடியம்!

அதன்பிறகு இன்னோர் அறுவை. 1994 உலகக் கோப்பை கைநழுவியது. காலைச் சுற்றி உலோக வளையங்கள் மாட்டி, எலும்பு வழியே கம்பிகள் செலுத்தி, மூட்டை இழுத்துப் பிடித்து வைத்தார்கள். இடைவெளி கிடைத்தால் குருத்தெலும்பு கொஞ்சமாவது வளராதா என்ற நப்பாசை. பலிக்கவில்லை. இரவில் கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் தரையில் தவழ்ந்து போனதாக எழுதியிருக்கிறார், மூன்று முறை பாலோன் டி’ஓர் வென்ற மனிதர். கடைசியில் எலும்புகளை ஒன்றாக இணைத்து மூட்டையே பூட்டிவிட்டார்கள். கணுக்கால் மேலும் கீழும் அசையாது. ஆனால், வலி போய்விட்டது.

ஊசியும் பிளாஸ்திரியும்

வலியை மறைக்கத் தொழில்முறைக் கால்பந்தில் வழிகளுக்குப் பஞ்சமே இல்லை. இறுக்கமாக டேப் சுற்றுவார்கள். மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். 1990 உலகக் கோப்பையில் மரடோனாவின் இடது கணுக்கால் பந்துபோல வீங்கியிருந்தது. அந்தக் காலோடுதான் பிரேசில் வீரர்களைத் தாண்டி ஓடி, கனீகியாவுக்குப் பந்தைக் கொடுத்து, பிரேசிலை வீட்டுக்கு அனுப்பினார். ரசிகர்களுக்கு அது வீரக்கதை. வலி என்பது உடம்பு அடிக்கும் எச்சரிக்கை மணி. மணியின் கம்பியைத் துண்டித்துவிட்டால் சத்தம் நிற்கும், உள்ளே எரிவது நிற்காது.

அர்ஜென்டினாவின் கேப்ரியல் பாடிஸ்டுடா கதை இதைவிடக் கொடுமை. இத்தாலியப் பாதுகாப்பு ஆட்டக்காரர்கள் அஞ்சி நடுங்கிய ஸ்டிரைக்கர். 2001-ல் ரோமா லீக் பட்டம் வென்றதில் பெரும்பங்கு அவருடையது. 2005-ல் ஓய்வு பெற்ற பிறகு கணுக்கால் வலியால் நடக்கவே முடியவில்லை. சில அடி தூரத்தில் கழிவறை இருந்தும் எழுந்து போக முடியாமல் படுக்கையிலேயே சிறுநீர் கழித்ததாகவும், டாக்டரிடம் போய்க் கால்களை வெட்டி எடுத்துவிடச் சொன்னதாகவும் 2014-ல் டி.வி பேட்டியில் மறைக்காமல் சொன்னார். டாக்டர் மறுத்துவிட்டார். 2019-ல் சுவிட்சர்லாந்தில் அவருக்குச் செயற்கைக் கணுக்கால் மூட்டு பொருத்தினார்கள்.

1998-ல் விதி மாறியது. எதிராளியின் உடலுக்கு ஆபத்து விளைவிக்கும் வகையில் பின்னாலிருந்து டேக்கிள் செய்தால் அது கடுமையான ஃபவுல், நேராக ரெட் கார்டு. பிரான்ஸ் உலகக் கோப்பைக்கு முன்பே இது அமலுக்கு வந்தது. வான் பாஸ்டன் பட்ட அடிகளும் இதற்கு ஒரு காரணமாகப் பேசப்பட்டன. பின்னாலிருந்து அவர் வாங்கிய உதைகள் ஏராளம் என்பது உண்மை. ஆனால், 1986-ல் அவர் செய்த டேக்கிளையோ, அதன்பிறகு போட்ட ஒப்பந்தத்தையோ எந்த ரெட் கார்டும் தடுத்திருக்காது.

ஃபைனல் என்றால் மட்டும்...

இப்போது கிளப்புகளில் ஸ்கேன் இருக்கிறது, பிசியோதெரபிஸ்ட் குழு இருக்கிறது, ஒவ்வொரு அடியையும் கணக்கெடுக்கும் கருவி இருக்கிறது. ஆனாலும், பெரிய மேட்ச் வந்தால் பழைய கேள்வி திரும்ப வந்துவிடுகிறது.

2019 ஏப்ரலில் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிரான ஆட்டத்தில் டாட்டன்ஹாமின் ஹாரி கேனுக்குக் கணுக்கால் லிகமென்ட் காயம். அவருக்கு அது புதிதல்ல. முந்தைய வருடங்களிலும் கணுக்காலால் பலமுறை வெளியே உட்கார்ந்தவர். அவர் இல்லாமலே டாட்டன்ஹாம் சாம்பியன்ஸ் லீக் ஃபைனலுக்கு வந்தது. அரையிறுதியில் மூன்று கோல் அடித்துக் கரைசேர்த்தவர் லூகாஸ் மோரா. ஜூன் 1, ஃபைனல். ஏழு வாரங்களுக்கு மேல் ஒரு மேட்ச்கூட ஆடாத கேன் முதல் பதினொருவரில் இறங்கினார். மோரா பெஞ்ச்சில்! லிவர்பூல் 2-0 என வென்றது. கேன் இருந்த இடமே தெரியவில்லை. காயம் ஆறியிருக்கலாம், ஆனால் ஆட்ட வேகம் ஸ்கேனில் தெரியாது.

2022 உலகக் கோப்பையில் நெய்மார். செர்பியாவுடனான முதல் ஆட்டத்தில் வலது கணுக்கால் வீங்கியது. இரண்டு மேட்ச்களை விட்டுவிட்டு, 11 நாள்களில் தென் கொரியாவுக்கு எதிராகத் திரும்பினார், கோலும் அடித்தார். குரோஷியாவுக்கு எதிராகவும் ஒன்று. பிரேசிலில் யாரும் குறை சொல்லவில்லை. அடுத்த பிப்ரவரியில் பி.எஸ்.ஜி-க்காக ஆடும்போது அதே வலது கணுக்கால் மறுபடி மடங்கியது. அந்தக் கணுக்கால் சில வருடங்களாகவே பலமுறை நிலை தடுமாறியிருக்கிறது என்று கிளப்பே அறிக்கை விட்டது. தோஹாவில் அறுவை சிகிச்சை, சீசன் முடிந்தது.

பணம் கொட்டும் விளையாட்டில் இதற்கு இருக்கும் தீர்வு ஆச்சர்யமூட்டும் அளவுக்கு மலிவானது. ஒற்றைக்காலில் நிற்பதுதான்! ஃபிஃபா உருவாக்கிய `11+’ வார்ம்-அப் பயிற்சியில், கையில் பந்தை வைத்துக்கொண்டு 30 விநாடி ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். பழகியதும் நின்றபடியே ஜோடியாகப் பந்தைத் தூக்கிப் போட்டுப் பிடிக்க வேண்டும். பழுதான அந்தத் தகவல் தொடர்பை மறுபடி பழக்குவதுதான் நோக்கம். வீட்டில் பந்து விளையாடும் பிள்ளைகளும் பல் தேய்க்கும் நேரத்தில் செய்யலாம்.

கால் மடங்கியதும் எண்ணெய் தடவி அழுத்தி உருவிவிடும் பழக்கத்தை முதல் இரண்டு மூன்று நாள்களுக்காவது தவிர்ப்பது நல்லது. உள்ளே ரத்தக் கசிவும் வீக்கமும் அதிகமாகலாம். துணியில் சுற்றிய ஐஸ், இதமான கட்டு, காலை உயர்த்தி வைப்பது போதும். நான்கு அடி எடுத்துவைக்க முடியவில்லை என்றாலோ, மொட்டு எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் வலித்தாலோ எக்ஸ்-ரே எடுத்தே ஆக வேண்டும். உலகம் முழுக்க அவசர சிகிச்சை மருத்துவர்கள் கையாளும் எளிய அளவுகோல் இது.

2024 ஜூலை 14, கோபா அமெரிக்கா ஃபைனல். கொலம்பியாவுக்கு எதிராக ஓடிக்கொண்டிருந்த லியோனல் மெஸ்ஸி, 66-வது நிமிடத்தில் வெளியேற வேண்டியதாயிற்று. பெஞ்ச்சில் ஷூவைக் கழற்றியபோது வலது கணுக்கால் கொழுக்கட்டை போல வீங்கியிருந்ததை உலகமே டி.வி-யில் பார்த்தது. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். 112-வது நிமிடத்தில் லௌதாரோ மார்டினெஸ் கோல் அடிக்க, அவர் இல்லாமலே அர்ஜென்டினா கோப்பையை வென்றது. மெஸ்ஸிக்கு அப்போது 37 வயது. காயத்துக்கான பூட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். இன்டர் மியாமி இரண்டு மாதங்கள் அவர் இல்லாமலே ஆடியது. அவசரப்படுத்தவில்லை. செப்டம்பர் 14 அன்று ஃபிலடெல்ஃபியா யூனியனுக்கு எதிராகத்தான் மறுபடி இறங்கினார். முதல் பாதி முடிவதற்குள் இரண்டு கோல்கள் அடித்துவிட்டார்.